அக்கா மகள் கன்டெம்பரரி ஆடுகிறாள், முதல் முறையாகப் பார்க்கப் போகிறேன். என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

அம்பத்தூர் மாமா:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

என் அக்கா மகளுக்கு 24 வயது. ஐந்து வயதிலிருந்து பரதநாட்டியம். பதினைந்து வயதில் மயிலாப்பூரில் அரங்கேற்றம். தாய்மாமன் என்ற முறையில் ஒரு செட் உடையும் சலங்கையும் நான் வாங்கிக் கொடுத்தேன், அப்புறம் சாப்பாட்டுச் செலவில் பாதியும் யாரும் கேட்காமலே என் தலையில் வந்து விழுந்தது, அது வேறு கதை. இப்போது மூன்று வருடமாக அவள் சலங்கை கட்டுவதில்லை. கன்டெம்பரரி, அதாவது நவீன நடனம், என்கிறாள். பெங்களூரில் போய் ஏதோ பயிற்சி எடுத்துவிட்டு வந்து இங்கே ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவில் ஆடுகிறாள். எங்கள் அக்கா இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

வரும் சனிக்கிழமை நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் அவர்கள் நிகழ்ச்சி. "மாமா, நீங்களாவது வாங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த "நீங்களாவது" இருக்கிறதே, அதற்கப்புறம் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா?

எனக்குத் தெரிந்த நடனம் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் மார்கழியில் இரண்டு மூன்று முறை சபாவில் பார்த்தது, சொந்தக்காரப் பிள்ளைகளின் அரங்கேற்றம், அப்புறம் சினிமா. இது எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. அழைப்பிதழில் ஒரு ஆளின் முதுகு மட்டும் இருக்கிறது. கீழே "உடல், எடை, நினைவு" என்று மூன்று வார்த்தை. நான் கணக்கு எழுதுகிறவன், மூன்றில் எனக்குப் பழக்கமானது எடை மட்டும்தான்.

என்ன உடுத்திக்கொண்டு போவது? எங்கே உட்காருவது? எப்போது கைதட்ட வேண்டும்? கதை ஏதாவது இருக்குமா, முன்கூட்டியே படித்துவிட்டுப் போக வேண்டுமா? எங்கள் அம்மாவும் (அவளுக்குப் பாட்டி, 74 வயது) வருகிறேன் என்கிறார், கூட்டிப் போகலாமா, சங்கடமாக ஏதாவது இருக்குமா? எல்லாவற்றுக்கும் மேல், முடிந்ததும் அந்தப் பிள்ளை நேராக என்னிடம்தான் வந்து நிற்கும். புரியாமல் போனால் என்ன சொல்வது? பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

---

லைட் பூத்:

சென்னையில் பதினெட்டு வருடமாக மேடைக்கு விளக்கு போடுகிறவன். நாடகம், கச்சேரி, கம்பெனி விழா, நடனம் எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். தாய்மாமன் என்று முதல் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் அரங்குகள் பலவற்றில் மேடை உயரம். முதல் வரிசையில் இருந்தால் ஆடுகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இந்த ஆட்டத்தில் பாதி நேரம் அவர்கள் தரையில்தான் கிடப்பார்கள். ஆறாவது ஏழாவது வரிசை, நடுவில். பால்கனி இருந்தால் இன்னும் நல்லது, யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கோலம் மாதிரி தெரியும். மேடையே இல்லாமல் தரையிலேயே ஆடி, சுற்றி நாற்காலி போட்டிருந்தால் இது எதுவும் பொருந்தாது, எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.

உடை உங்கள் இஷ்டம். வேட்டியும் பார்த்திருக்கிறேன், அரைக்கால் சட்டையும் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஏசியைக் குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள். அவருக்கு இளைப்பு இருந்தால் புகை விடுவார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கின் கதிர் கண்ணுக்குத் தெரிவதற்காக மெல்லிய புகை விடுவது உண்டு, பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு இருமல் வரும். சங்கடமான காட்சி இருக்கிறதா என்பதையும் அந்தப் பெண்ணிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டால் அவளுக்கும் நிம்மதி.

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். சபா மாதிரி மூன்றாவது உருப்படிக்கு உள்ளே நுழைய முடியாது. பெரும்பாலும் 50, 60 நிமிடம், இடைவேளை கிடையாது, கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். போனை சைலண்டில் போட்டால் போதாது, அணைத்துவிடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. மேடை இருட்டாக இருக்கும்போது ஆடுகிறவர்கள் தரையில் ஒட்டிய சின்ன டேப், கதவுக்கு மேலே எரிகிற பச்சை விளக்கு, இந்த மாதிரி இரண்டு மூன்று அடையாளத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று கண்டுகொள்கிறார்கள். நடுவில் திடீரென்று இன்னொரு வெளிச்சம் முளைத்தால் தடுமாற்றம் வரும்.

கைதட்டலுக்கு என்னுடைய கணக்கு இதுதான்: முழு இருட்டு, அப்புறம் வெளிச்சம், வெளிச்சத்தில் அவர்கள் வரிசையாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் தட்டலாம். நடுவில் இருட்டானால் பொறுங்கள், முடியாமலும் இருக்கலாம். நான் விளக்கு போடுகிற நிகழ்ச்சி என்றால், சந்தேகமாக இருக்கும்போது நான் மேலே பூத்தில் உட்கார்ந்து முதலில் தட்டுவேன், அதைக் கேட்டுத் தட்டுங்கள்.

இப்போது பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். எனக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எனக்குச் சம்பளம் கொடுத்துப் பார்க்க வைத்தார்கள். பரதநாட்டியத்துக்கு விளக்கு போடும்போது பாட்டு வரிதான் எனக்குக் க்யூ, விளக்கை மாற்றச் சொல்லும் அடையாளம். இந்த வரி வந்தால் நீலம், அந்த ஜதி முடிந்தால் முழு வெளிச்சம். முதல் முதலாக ஒரு கன்டெம்பரரி குழுவுக்கு வேலை செய்தபோது க்யூ தாளைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. பாட்டே இல்லை. "வலது பக்கம் நிற்கிறவள் இரண்டாவது முறை மூச்சை விடும்போது" என்று எழுதியிருந்தது. மூச்சு விடுவதை நாற்பது அடி தூரத்திலிருந்து எப்படிப் பார்ப்பது? ஒத்திகையில் மூன்று முறை தவறவிட்டேன். நான்காவது முறை தெரிந்தது. தோள்பட்டை அரை அங்குலம் இறங்குகிறது. அதுவரைக்கும் நான் அவர்களை முழு உருவமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் தனித்தனியாக முதுகு, கழுத்து, குதிகால் எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, கையில் ஒரு பொத்தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆளை, சொந்தப் பெண் என்பதால் அவளையே, எடுத்துக்கொண்டு அவள் ஒன்றை முடித்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் மனதுக்குள் அமுக்குங்கள். எங்கே மாறுகிறாள் என்று தேட ஆரம்பித்துவிட்டால் "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்க நேரம் இருக்காது.

இன்னொன்று. நம் சபாக்களில் முன்னாலிருந்து வெளிச்சம் போடுவோம், முகம் தெரிய வேண்டும், அபிநயம் பார்க்க வேண்டும். இதில் பக்கவாட்டிலிருந்து, முழங்கால் உயரத்தில்கூட விளக்கு வைப்போம். முகம் பாதி இருட்டில் போய்விடும், தசையும் எலும்பும் செதுக்கினது போல் தெரியும். "பிள்ளை முகமே தெரியவில்லையே" என்று அம்மா கேட்பார். வேண்டுமென்றேதான் அப்படி.

---

கடைசி வரிசை:

எல்லாரும் அழகாகச் சொல்வார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். ஒருவர் வந்தார். நின்றார். போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்தார். திரும்பப் போய் இன்னொரு நாற்காலி. இருபது நிமிடம் நாற்காலி. அந்த வேலைக்கு எங்கள் தெரு கல்யாண மண்டபத்துப் பையன்கள் போதுமே, இன்னும் வேகமாகச் செய்வார்கள். அதற்கு நடுவில் "க்ர்ர்ர்" என்று ஒரு சத்தம், பழைய ஃபிரிட்ஜ் மாதிரி, அதுதான் இசையாம். பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார், ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எப்படி ரசிப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தூங்கினாரோ என்னவோ.

டிக்கெட் இலவசம். கார் பார்க்கிங் 60 ரூபாய். அந்த அறுபது ரூபாய்க்கு நெய் ரோஸ்ட் சாப்பிட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அக்கா மகள் என்பதால் போங்கள். போகத்தான் வேண்டும். ஆனால் புரியவில்லை என்றால் தப்பு உங்களிடம்தான் என்று நம்ப வைப்பார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

---

அரைமண்டி:

கடைசி வரிசை அண்ணா சொல்வதில் பாதி சரி. மோசமான நிகழ்ச்சிகள் நிறைய இருக்கின்றன, பரதநாட்டியத்தில் இல்லையா என்ன. புரியாதது எல்லாம் ஆழமானது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஜெர்மனியில் பீனா பவுஷ் என்ற நடன அமைப்பாளர் 1978இல் 'கஃபே முல்லர்' என்று ஒன்று செய்தார். மேடை முழுக்க நாற்காலியும் மேசையும். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வருவார்கள், ஒருவர் அவர்களுக்கு முன்னால் ஓடி ஓடி நாற்காலிகளை இழுத்து ஒதுக்கிக்கொண்டே இருப்பார், இடித்துக்கொள்ளக் கூடாதே என்று. அவ்வளவுதான். பீனா பவுஷின் பெற்றோர் சாப்பாட்டுக் கடையோடு ஒரு சின்ன விடுதி நடத்தினவர்கள், குழந்தையாக மேசைக்கு அடியில் உட்கார்ந்து பெரியவர்களின் கால்களைப் பார்த்து வளர்ந்தவர். இதெல்லாம் தெரியாமலே நான் வீடியோவில் பார்த்தபோது, அந்த நாற்காலிக்காரர் ஒரு வினாடி பிந்தினால் என்ன ஆகும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நீங்கள் பார்த்த நாற்காலியில் அந்தப் பதைப்பு இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் தோசை ஞாபகம் வந்திருக்காது.

மாமாவுக்கு: நான் திருவான்மியூரில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன், 30 வருடமாக. கதை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அக்கா மகளின் அரங்கேற்றத்தில் முதல் உருப்படி அலாரிப்பாகத்தான் இருந்திருக்கும். அதற்கு என்ன கதை? ஒன்றும் கிடையாது. கண், கழுத்து, தோள், கை என்று உடம்பு ஒவ்வொன்றாக விழிக்கிறது. அப்புறம் ஜதிஸ்வரம், அதிலும் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. நீங்கள் பாட்டுக்கு ரசித்துவிட்டுத்தானே சாப்பிடப் போனீர்கள்? யாரும் எழுந்து நாட்டடவு என்கிற அந்த அடவுக்கு அர்த்தம் என்ன என்று கேட்கவில்லையே. கதையில்லாத இந்த ஆட்டத்துக்கு நிருத்தம் என்று நாமே பெயர் வைத்து வைத்திருக்கிறோம். கதை இல்லாத ஆட்டம் பார்ப்பது உங்களுக்குப் புதிது இல்லை, மேலே பட்டும் நகையும் தாளமும் இருந்ததால் தெரியவில்லை, அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அக்கா இதை ஏதோ வெளியூர் நோய் மாதிரி நினைப்பதாகத் தெரிகிறது. இது சென்னையிலேயே வேர் விட்ட விஷயம். சந்திரலேகா என்று ஒருவர், 1928இல் பிறந்தவர், காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகப் பரதம் கற்றவர். 1950களின் தொடக்கத்தில் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு ஆடுகிறார், யமுனையில் தண்ணீர் ததும்புகிறது, பெண்கள் நீராடுகிறார்கள், தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைக்கிறது: தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடக்கும் நிலத்துக்காகப் பணம் திரட்ட வந்துவிட்டுத் தண்ணீரில் விளையாடிக் காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று. அந்த முரண் அவரை விடவே இல்லை. பல வருடம் மேடையை விட்டே விலகி இருந்தார். 1985இல் 'அங்கிகா' செய்தபோது பரதத்தோடு களரி என்ற கேரளப் போர்க்கலையும் யோகாவும் சேர்ந்தன, தெய்வக் கதை போய்விட்டது, உடம்பு மட்டும் நின்றது. கடைசியாக 2001இல் 'சரீரா': ஒரு பெண், ஒரு ஆண், குண்டேச்சா சகோதரர்களின் துருபத் என்ற பழைய இந்துஸ்தானிப் பாட்டு. நகர்கிறார்களா இல்லையா என்று தெரியாத வேகத்தில் ஒரு பெண்ணின் கால் உயரும். 2006இல் காலமானார். பெசன்ட் நகர் கடற்கரையோரம் அவர் வாழ்ந்த 'ஸ்பேசஸ்' என்ற இடம் ஆடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாய்வீடு மாதிரி. அவரோடு பத்து வருடம்போல ஆடிவிட்டுத் தனியாக வந்த பத்மினி செட்டூர், பரதத்தின் பெரிய உருப்படியான 'வர்ணம்' என்ற பெயரிலேயே ஒரு படைப்பு செய்திருக்கிறார். ஆக உங்கள் வீட்டுப் பெண் குடும்பத்தை விட்டு ஓடிப்போகவில்லை, பின்கட்டு வாசல் வழியாகப் போயிருக்கிறாள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் மாணவி ஒருத்தி ஆடினாள். பத்து வருடம் "முதுகை நிமிர்த்து, நிமிர்த்து" என்று நான் கத்தி நிமிர்த்தி வைத்த முதுகை அவள் மேடையில் சாக்கு மூட்டை மாதிரி கீழே போட்டாள். பிறகுதான் கவனித்தேன், போட்டதை அவ்வளவு மெதுவாக எடுக்க அரைமண்டியில், முட்டியை மடக்கி நின்று பழகிய அந்தப் பலம்தான் உதவுகிறது. நாம் தரையை உதைக்கிறோம், அவர்கள் தரையில் எடையைக் கொடுக்கிறார்கள். விழுவது என்பதே பெரிய பாடம். முட்டியும் மணிக்கட்டும் முழங்கையும் அடிபடாமல், மூச்சை வெளியே விட்டபடி, தொடையின் சதையில், முன்கையின் நீளத்தில் எடையைப் பரப்பி இறங்க வேண்டும். அழைப்பிதழில் "எடை" என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறார்களாக இருக்கும். கணக்கர் நீங்கள், வரவு செலவு பாருங்கள். யார் எடையை யார் வாங்கினார்கள், யார் திருப்பிக் கொடுக்கவில்லை என்று.

இசைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தாலும் பதற வேண்டாம். அமெரிக்காவில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்காமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் இரண்டையும் தனித்தனியாகச் செய்து, மேடையில்தான் முதல் முறையாகச் சேர்ப்பார்கள். ஆடுகிறவர்களே அன்றைக்குத்தான் இசையைக் கேட்பது உண்டு. எனக்கு இது இன்னும் முழுசாக ஒத்துவரவில்லை. தாளம் தப்பினால் கை தானாகத் தாளம் தட்டும் தட்டுக்கழியைத் தேடுகிறது. பழக்க தோஷம்.

---

அம்பத்தூர் மாமா:

அரைமண்டி அக்கா, அந்த வரவு செலவு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. லைட் பூத் சார், பொத்தானும்.

அக்கா மகளிடம் கேட்டேன். அம்மாவைக் கூட்டி வரலாம், சங்கடமாக ஒன்றும் இல்லை, புகையும் இல்லை என்கிறாள். "பாட்டி வர்றாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள், குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்போது எனக்குப் பயம், அம்மா பாதியில் "போதும் கிளம்பலாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டால்? சொல்லக்கூடியவர்தான். ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாடகர் காதுபட சொல்லியிருக்கிறார்.

---

ஈஸ்ட்ஹாம் வாசி:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். அம்மா விஷயத்தில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

2018இல் என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார், என்னுடைய இரண்டாவது பிரசவத்துக்கு. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அம்மாவை சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். அக்ரம் கானுடைய 'ஜீனாஸ்'. அவர் கதக் கற்று அதிலிருந்து கன்டெம்பரரிக்கு வந்தவர், அந்தப் படைப்பு முதல் உலகப் போரில் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போடப் போன ஒரு இந்தியச் சிப்பாயைப் பற்றியது. மேல் மாடியில் மலிவு இருக்கை. மின்தூக்கி இருந்தும் அம்மா படி ஏறித்தான் வருவேன் என்று ஏறி வந்து, நுழையும்போதே புலம்பல்.

உள்ளே போனால், நாங்கள் உட்காருவதற்கு முன்னாலேயே மேடையில் இரண்டு பேர் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார்கள். ஆதித்ய பிரகாஷ் பாட்டு, பி.சி. மஞ்சுநாத் தாளம். மஞ்சுநாத் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்கட்டை வாயால், சொல்ல ஆரம்பித்ததும் அம்மாவின் புலம்பல் நின்றுவிட்டது. தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடம் கும்பேஸ்வரன் கோயில் உற்சவத்தில் தவில் கேட்ட காது, யார் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அப்புறம் பாட்டு போய்விட்டது. சரிவான மேடை, கயிறுகள், மண். அக்ரம் கான் தன் காலில் சுற்றியிருந்த சலங்கையை அவிழ்க்கிறார், நீளமாக வந்துகொண்டே இருக்கிறது. அது சங்கிலி மாதிரி ஆகிறது, தோட்டா மாலை மாதிரி ஆகிறது. அம்மா என் காதில் "கட்டிப் போட்டுட்டாங்க பாவம்" என்றார். எனக்கு அப்போதுதான் அது சங்கிலி என்று தோன்றியது. நான் கையேட்டை எல்லாம் படித்துவிட்டுப் போனவள், எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் கொஞ்ச நேரம் தூங்கினார், மறைக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். எழுந்து தொடர்ந்து பார்த்தார், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. பாட்டி தூங்கினால் தூங்கட்டும், தட்டி எழுப்பாதீர்கள். பேசுவார் என்று பயமாக இருந்தால் ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். பையில் கற்கண்டு வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் தாள் சுற்றிய மிட்டாய் வேண்டாம், அந்தச் சரசரப்பு மேடை வரைக்கும் கேட்கும்.

வயதானவர்களுக்கு இது பிடிக்காது என்று நாம்தான் முடிவு கட்டுகிறோம். மேலே அரைமண்டி அக்கா சொன்ன பீனா பவுஷ், தன்னுடைய 'கோன்டாக்ட்ஹோஃப்' என்ற படைப்பை 2000ஆம் வருடம் 65 வயதுக்கு மேற்பட்ட சாதாரண ஊர்க்காரர்களை வைத்தே ஆட வைத்தார்.

---

கடைசி வரிசை:

கற்கண்டு யோசனை நன்று. அரைமண்டி அம்மா, தோசை பற்றிய உங்கள் வரியைப் படித்து வீட்டில் சிரித்தார்கள். ஆனாலும் அந்த ஃபிரிட்ஜ் சத்தத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

லைட் பூத்:

ஃபிரிட்ஜ் சத்தம் சில நேரம் உண்மையிலேயே டிம்மர், அதாவது விளக்கைக் கூட்டிக் குறைக்கிற கருவி, போடுகிற சத்தம்தான் சார். பழைய கருவிகள் உறுமும். உங்கள் பக்கத்துக்காரர் அதை ரசித்தார் என்றால் அவர் பெரிய மனுஷர்.

மாமா, முடிந்ததும் என்ன சொல்வது என்பதற்கு யாரும் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து நான் கேபிள் சுருட்டும்போது தினமும் காதில் விழும் பேச்சு இது. "சூப்பர்", "ரொம்ப வித்தியாசமா இருந்துச்சு", "எனர்ஜி நல்லா இருந்துச்சு". ஆடினவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், கண் வேறெங்கோ போய்விடும். எப்போதாவது யாராவது "அந்த இரண்டாவது சுற்றில் நீ நின்றுவிட்டாயே, அது ஏன்" என்று கேட்பார்கள். உடனே அந்தப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கும். பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்று போதும். பிடிக்காத இடத்தைக்கூடச் சொல்லலாம், ஆனால் அது எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

---

அம்பத்தூர் மாமா:

போய்விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுத நேரம் கிடைக்கவில்லை, இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேடை இல்லை. தரையில் கறுப்பு வினைல் விரிப்பு, மூன்று பக்கம் நாற்காலி. ஆக ஏழாவது வரிசை என்ற பேச்சே இல்லை, மொத்தமே மூன்று வரிசைதான். இரண்டாவது வரிசை ஓரத்தில் அம்மா, பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் (இதுதான் செய்தி) அக்கா. கடைசி நிமிடத்தில் வந்தாள். "அம்மாவை நீ ஒருத்தனா பாத்துக்க முடியாது" என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

முதல் பத்து நிமிடம் நடந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து பேர், ஒருவரை ஒருவர் இடிக்காமல், நம் பாரிமுனை மாதிரி. சத்தமே இல்லை, வெறும் பாதம் அந்த விரிப்பில் தேயும் சத்தம் மட்டும். எனக்கு என் வயிறு இரைவது கேட்டது. பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், நாலைந்து முறை சரியாகத்தான் அமுக்கினேன் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒருவர் விழ ஆரம்பித்தார், மற்றவர்கள் பிடித்தார்கள். விழுந்துகொண்டே, பிடித்துக்கொண்டே. இருபதாவது நிமிடத்துக்கு மேல் எனக்குச் சலித்துவிட்டது, அதைச் சொல்லிவிட வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஞாபகம் வந்தது.

அந்தச் சலிப்பு எப்போது போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் பிள்ளை விழும் முறை வந்தது. முதல் தடவை நான்கு பேர் பிடித்தார்கள், இரண்டாவது தடவை இரண்டு பேர், மூன்றாவது தடவை யாரும் வரவில்லை. தரைக்குப் போனாள். சத்தமே வரவில்லை. பக்கத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது, இன்னும் இருக்கிறது. அம்மா "ஐயோ" என்றார், கொஞ்சம் சத்தமாகத்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எழுந்தாள், திரும்ப நடக்க ஆரம்பித்தாள். அவள் முதுகில் வியர்வை ஓடுவது தெரிகிற தூரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அரங்கேற்றத்தில் இவ்வளவு பக்கத்தில் அவளை நான் பார்க்கவில்லை, வாசலில் பந்தி கவனித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டாத நீட்டல் என்றுதான் தோன்றியது. அம்மா தூங்கிவிட்டார், தட்டி எழுப்பவில்லை.

முடிந்ததும் கேள்வி நேரம் வைத்தார்கள். ஒருவர் எழுந்து ஏழு நிமிடம் கேட்டார், அதில் கேள்வி எங்கே இருந்தது என்று கணக்கர் என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் வெளியே வந்து நின்றோம். அவள் வந்தாள், முகம் எல்லாம் சிவந்து, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. நான் எதையோ தயார் செய்து வைத்திருந்தேன், அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்: "மூணாவது தடவ விழுறப்ப கைய ஊனவே இல்லையே நீ, அடிபடலையா?"

அப்புறம் நான் பேச வேண்டியிருக்கவில்லை. கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும் என்பதில் ஆரம்பித்து, எப்படி இறங்குவது என்று அந்தப் பிள்ளை நடைபாதையிலேயே பாதி விழுந்து காட்டி, அக்கா "இங்க வேணாம்டி, அழுக்கு" என்று தூக்கிவிட்டு, ஓட்டலில் போய் உட்கார்ந்தும் பேச்சு நிற்கவில்லை. கடைசிப் பத்து நிமிடம் நீளம் என்று நானும் சொன்னேன். "எங்களுக்குள்ளயே அதுல சண்டை மாமா" என்றாள். அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "நாலு பேரு நின்னுக்கிட்டு ஒருத்தன்கூட புடிக்கலையே, யாருடி அவனுங்க" என்று கேட்டார்.

அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் திரும்ப ஆடுகிறார்களாம். டிக்கெட் 300 ரூபாய். நான்கு எடுக்கச் சொல்லியிருக்கிறாள் அக்கா, நாங்கள் மூன்று பேர்தான். நான்காவது யாருக்கு என்று தெரியவில்லை. கடைசி வரிசை சார், வருகிறீர்களா?

---

கடைசி வரிசை:

வருகிறேன். பைக்கில்தான் வருவேன்.